கூட்டிப் போட்ட மார்க்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி ஆகிவிட்டால் அண்ணிக்கு இப்போதும் இருப்புக் கொள்ளாது. அடுப்பில் ஏதாவது கொதித்துக்கொண்டிருக்கும், கை அதுபாட்டுக்குப் பென்சிலைத் தேடும். இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது. அந்த வாடகை வீட்டைக் காலி செய்தாயிற்று, ஒரு கால் குட்டையாக இருந்த சாப்பாட்டு மேஜையையும் யாருக்கோ கொடுத்தாயிற்று. ஆனாலும் பத்து மணி என்றால் பத்து மணிதான். வாழ்க்கையில் நல்ல காலம் எது என்று யாராவது கேட்டால், கல்யாணமான புதிது என்றோ பிள்ளை பிறந்த வருடம் என்றோ சொல்ல வேண்டும். அவள் மனசு வெட்கமே இல்லாமல் அந்தப் பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைச் சொல்லும்.

அவளை அண்ணி என்று கூப்பிட்டது ஒரே ஒருத்திதான், புருஷனின் தங்கை. அவள் நாளொன்றுக்கு நூறு தடவை கூப்பிட்டதில் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். தங்கையை வீட்டில் பாப்பா என்பார்கள். பாப்பாவுக்கு அப்போது வயது இருபத்தொன்று, வாய்க்கு மட்டும் நாற்பது. கல்லூரியில் கடைசி வருடம் என்பதால் அண்ணன் வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். தன் காலடியில் ஒரு பிரேக் இல்லாவிட்டால் நாற்காலியில்கூட நிம்மதியாக உட்காரத் தெரியாத மனுஷர்.

அண்ணிக்குக் கோர்ட்டில் டைப்பிஸ்ட் வேலை. பதினோரு வருடமாக நீதிபதி சொல்லச் சொல்ல அடித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் அவர் வாய் தவறி ஒரு தேதியை மாற்றிச் சொன்னார். அண்ணிக்கு அந்த வழக்குக் கட்டு மனப்பாடம், சரியான தேதியை அடித்து வைத்துவிட்டாள். மறுநாள் அவர் கூப்பிட்டு, "தேதி நீங்க அடிச்சதுதான் சரி. ஆனா சொன்னதை அடிக்கறது மட்டும்தாம்மா உங்க வேலை" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் மறந்துபோயிருப்பாள். தன்மையாகச் சொன்னதுதான் உறுத்தியது.

அன்று சாயங்காலமே சட்டக் கல்லூரியின் மாலை வகுப்புக்கு விண்ணப்பம் வாங்கி வந்தாள். நுழைவுத் தேர்வு எழுத முப்பத்தைந்து வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. அவளுக்கு முப்பத்துநாலு முடிந்து ஏழு மாதம். இந்த வருடம் விட்டால் ஜென்மத்துக்கும் கிடையாது. பாப்பாவும் பகல் வகுப்புக்கு அதே தேர்வுக்கு விண்ணப்பித்தாள். அவளுக்கு என்ன, இன்னும் பதினாலு வருடம் கையில் இருந்தது.

கடையில் ஒரு மாதிரித் தேர்வுப் புத்தகம் கிடைத்தது. பன்னிரண்டு மாதிரித் தேர்வுகள், ஒவ்வொன்றிலும் நூறு கேள்விகள், ஒன்றரை மணி நேரம். வாங்கின அன்றைக்கே பாப்பா கடைசியில் இருந்த விடைப் பக்கங்களைக் கிழித்து அண்ணனிடம் கொடுத்துவிட்டாள். "எங்க ரெண்டு பேர் மேலயும் எங்களுக்கே நம்பிக்கை இல்ல. உங்க கார்லயே கிடக்கட்டும்" என்றாள். அவர் மதியச் சாப்பாட்டுக்கு வரும்போது அந்த வாரத்துப் பக்கத்தை மட்டும் ரகசியக் கடிதம் மாதிரி எடுத்து வருவார்.

சட்டதிட்டம் போட்டது அண்ணி. பத்து மணிக்கு அலாரம் கடிகாரத்தை முடுக்கி மேஜை நடுவில் வைக்க வேண்டும். குக்கர் விசில் அடித்தாலும் எழுந்திருக்கக் கூடாது. தாள்களை மாற்றிக்கொண்டு திருத்த வேண்டும். திருத்தியவர் கீழே போடும் மார்க்தான் முடிவு, அதற்கு அப்பீல் கிடையாது. இந்தக் கடைசி விதியை அவள் பெருமையாகத்தான் போட்டாள். கோர்ட்டில் பாதி ஆயுள் அப்பீலில் போவதைப் பார்த்தவள் அல்லவா.

முதல் ஞாயிறு, மேஜையின் குட்டைக் காலுக்குப் பழைய செய்தித்தாளை மடித்து முட்டுக் கொடுத்துவிட்டு இரண்டு பேரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே யாரோ தரைவிரிப்பை அடித்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தார்கள். பொது அறிவும் மொழியும் அண்ணிக்குச் சுமாராகப் போயின. கணக்கு கொஞ்சம் மூச்சு வாங்கியது. சட்டப் பகுதி வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள், இது நம் இடம் என்று. மண்ணைக் கவ்வியதும் அங்கேதான்.

அந்தப் பகுதியில் ஒவ்வொரு கேள்வியிலும் முதலில் ஒரு கோட்பாடு இருக்கும், பிறகு ஒரு சம்பவம். நிஜ உலகில் அப்படி ஒரு சட்டம் உண்டா இல்லையா என்பது பேச்சே இல்லை. கொடுத்த கோட்பாட்டைக் கொடுத்த சம்பவத்துக்குப் பொருத்த வேண்டும், அவ்வளவுதான். சட்டமே தெரியாத பிள்ளைகள் சுலபமாகச் செய்துவிடுவார்கள். அண்ணிக்குத்தான் பதினோரு வருடத் தீர்ப்பும் விரல் நுனியில் வந்து நின்றது.

ஒரு கேள்வி இப்போதும் அவளுக்கு வரி மாறாமல் நினைவிருக்கிறது. கோட்பாடு: ஒரு பிராணி செய்யும் சேதத்துக்கு, அதற்குக் கடைசியாகச் சோறு போட்டவரே பொறுப்பு. சம்பவம்: பக்கத்து வீட்டுப் பூனைக்கு ஒருவர் இரக்கப்பட்டுப் பால் வைக்கிறார். பூனை நேராகப் போய் மாடி வீட்டுக்காரரின் கண்ணாடி ஜாடியைத் தள்ளி உடைக்கிறது. யார் பொறுப்பு?

அண்ணி பூனையின் சொந்தக்காரர் என்று எழுதியிருந்தாள். பாப்பா சிவப்பு பென்சிலால் பெருக்கல் குறி போட்டதும் பொறுக்கவில்லை, கண்கூடக் கலங்கிவிட்டது.

"இது என்ன அநியாயம்? பால் வச்சவர் என்ன பாவம் பண்ணினார்? நாளைக்கு யாராவது பூனைக்கு ஒரு வாய் சோறு போடுவாங்களா?"

"அண்ணி, கோட்பாட்டுல சோறு போட்டவர்னு இருக்கு."

"எங்க ஜட்ஜ் ஐயாகிட்ட இந்தக் கேஸ் வந்தா ரெண்டு பேரையும் திட்டி அனுப்பிடுவார்."

"உங்க ஐயா பரீட்சை ஹாலுக்கு வரப்போறதில்ல. பேப்பர்ல இருக்கறதுதான் சட்டம். பேப்பருக்கு வெளில உலகமே கிடையாது. அந்தப் பூனை பக்கத்து வீட்டுப் பூனை இல்ல, பேப்பர் பூனை."

அண்ணன் சாப்பிட்டுக்கொண்டே, "ஜாடி என்ன விலை இருக்கும்?" என்று கேட்டார். இருவரும் ஒரே நேரத்தில் அவரை முறைத்தார்கள்.

அந்த முதல் தாளின் கீழே பாப்பா போட்ட மார்க் ஐம்பத்துநாலு. முந்தைய வருடம் மாலை வகுப்பில் கடைசியாக இடம் கிடைத்தவர் வாங்கியது அறுபத்தைந்து. பதினொன்றுதானே குறைகிறது என்று அண்ணிக்கு உள்ளுக்குள் ஒரு தெம்பு வந்தது. சமையலறை நாள்காட்டியின் பின்பக்கத்தில் ஐம்பத்துநாலு என்று எழுதி வைத்தாள். மறுவாரம் ஐம்பத்தாறு. பிறகு ஐம்பத்தெட்டு. அடுக்கி வைத்த மாதிரி ஏறிக்கொண்டே போயிற்று.

அந்த நாட்களில் வீட்டில் பேச்செல்லாம் கோட்பாடும் சம்பவமும்தான். பாத்திரம் துலக்கும்போது பாப்பா ஆரம்பிப்பாள். "கோட்பாடு, கடைசியாகக் குளித்தவரே குளியலறையைக் கழுவ வேண்டும். சம்பவம், அண்ணன் குளித்துவிட்டு ஓடிப்போய்விட்டார்." அண்ணி ஈரக் கையோடு யோசித்து, "அவர் வரும் வரை வழக்கை ஒத்திவைக்கிறேன்" என்பாள். உடனே பாப்பா, "தப்பு. ஒத்திவைக்கிறது பேப்பர்ல இல்லை" என்று தலையில் தட்டுவாள். மூத்தவள் இளையவள் என்ற மரியாதையெல்லாம் அந்த மூன்று மாதம் காற்றில் பறந்தது. அண்ணிக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது. இப்படிச் சிரிக்க ஓர் ஆள் இருந்தால் வீடு எப்படி இருக்கும் என்று முப்பத்துநாலு வயதில்தான் தெரிந்துகொண்டாள்.

மெல்ல மெல்ல நீதிபதியின் குரல் அவள் காதில் அடங்கியது. பேப்பர் பூனையைப் பேப்பர் பூனையாகவே பார்க்கப் பழகினாள். பத்தாவது தேர்வில் அறுபத்தாறு வாங்கினாள். கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்கிடம் சொல்லி, அவர் வாயைப் பிளந்ததைப் பார்த்து உச்சி குளிர்ந்து வந்தாள்.

தேர்வு ஞாயிற்றுக்கிழமை. அதற்காக வியாழக்கிழமையிலிருந்தே விடுப்பு எடுத்திருந்தாள். தப்பான விடைகளை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று பன்னிரண்டு தாள்களையும் பரப்பினாள். கோர்ட்டில் ஒரு பழக்கம் உண்டு. அடித்த நகலை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது ஒருவர் உரக்கப் படிப்பார், இன்னொருவர் வரிக்கு வரி தொட்டுக்கொண்டே போவார். ஆள் இல்லாததால் அண்ணி தானே படித்து, சரிக் குறிகளைத் தானே தொட்டு எண்ணிக்கொண்டு போனாள். முதல் தாள் முடிந்ததும் அவள் வாயில் மொத்தம் என்று வந்தது முப்பத்தெட்டு.

இன்னொருமுறை எண்ணினாள். முப்பத்தெட்டுதான்.

பாப்பா ஒவ்வொரு விடைக்கும் போட்டிருந்த சரியும் தப்பும் அப்பட்டமான நிஜம். கீழே போட்ட கூட்டுத்தொகைதான் பொய். குழந்தைகூட எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் கையெழுத்துப் போட்டு வந்த எண்ணை மறுபடி எண்ணுவது அண்ணியின் வேலையிலேயே கிடையாது. இருப்பதை இருக்கிறபடி அடிப்பவள் அவள். அப்பீல் கிடையாது என்று விதி போட்டவளும் அவளேதான். இரண்டாவது தாளில் நாற்பத்தொன்று ஐம்பத்தாறாகியிருந்தது. எட்டாவது தாளில் மூன்று மார்க்தான் கூட்டல். ஒன்பதும் பத்தும் சரியாக இருந்தன. கடைசி இரண்டில் பாப்பா குறைத்தே போட்டிருந்தாள். எழுபத்தொன்று வாங்கிய பன்னிரண்டாவது தாளில் அறுபத்தெட்டு என்று இருந்தது.

பாப்பா கல்லூரியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது அண்ணி மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"முப்பத்தெட்டு."

"என்ன அண்ணி?"

"முதல் பேப்பர். எண்ணிப் பார்த்தேன்."

பாப்பா செருப்போடு நின்றாள். "அன்னிக்கு நீங்க பூனைக் கேள்விக்கே கண் கலங்கிட்டீங்க. முப்பத்தெட்டுன்னு போட்டிருந்தா புத்தகத்தை மூடி வச்சுட்டு சமையலறைக்குப் போயிருப்பீங்க. திரும்பி வந்திருக்க மாட்டீங்க."

"கடைசியில ஏன் குறைச்சே?"

"ஒரேயடியா ஏறினா உங்களுக்குச் சந்தேகம் வந்துடும்னு."

"மார்க் போடச் சொன்னேன். பிச்சை போடச் சொல்லல."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இன்னும் நாலு வார்த்தை கேட்டாள். "ஆபீஸ் பூரா சொல்லி வச்சிருக்கேன். நான் என்ன சின்னக் குழந்தையா? கூட்டவும் செய்வே, குறைக்கவும் செய்வே, நான் எங்க நிக்கறேன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஞாயிற்றுக்கிழமை நீ மட்டும் போ. நான் வரல." விடைப் பக்கங்களை வாங்கி ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் எல்லாவற்றையும் சரிபார்த்திருக்கலாம். கோபம் வந்தவர்கள் எங்கே சரிபார்க்கிறார்கள். அவளுக்கு வலித்ததெல்லாம் ஒன்றுதான். உலகத்தில் ஒருத்தியிடம்தான் தன் முட்டாள்தனத்தைக் கூச்சமில்லாமல் காட்டியிருந்தாள். அந்த ஒருத்தி மூன்று மாதமாக அவளைப் பார்த்துப் பாவப்பட்டிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை முழுவதும் வீட்டில் தட்டு வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அண்ணன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, சாப்பாட்டின் நடுவில் மெதுவாக வாயைத் திறந்தார்.

"முதல் நாள் வர்றவங்க தாங்கதான் ஓட்டறோம்னு நினைச்சுக்குவாங்க. கீழ மிதிக்கிறதெல்லாம் நான். எப்ப காலை எடுத்தேன்னு அவங்களுக்குத் தெரியவே தெரியாது. அது மாதிரிதான் இதுவும்."

"லைசென்ஸ் குடுக்கற அன்னிக்கு நீங்க பக்கத்துல உட்கார்ந்திருப்பீங்களா?" என்று கேட்டாள் அண்ணி.

அவர் குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

சனிக்கிழமை சாயங்காலம் அண்ணி கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டு வந்தபோது, மேஜையில் அவள் வழக்கமாக உட்காரும் பக்கத்தில் ஒரு தாளும் சீவிய பென்சிலும் இருந்தன. பாப்பா அறையில் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். தாளில் அவள் கையெழுத்து, அச்சு மாதிரி கட்டம் கட்டி.

'மாதிரித் தேர்வு 13. மொத்தக் கேள்வி: ஒன்று. நேரம்: ஒரு நிமிடம்.

கோட்பாடு: திருத்துபவர் தெரிந்தே பொய் மார்க் போட்டால், எழுதியவர் அவரை மன்னிக்கக் கூடாது. நல்ல எண்ணத்தில் செய்தாரா, கெட்ட எண்ணத்தில் செய்தாரா என்பதைக் கணக்கில் எடுக்கக் கூடாது.

சம்பவம்: அ ஒரு டைப்பிஸ்ட். ஆ அவருடைய நாத்தனார். அ வாங்கிய முப்பத்தெட்டை ஆ ஐம்பத்துநாலாக்கினாள். அ பாஸ் செய்ய வேண்டும் என்பது மட்டும் அதற்குக் காரணம் இல்லை. அ புத்தகத்தை மூடிவிட்டால் ஆ-வுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் எதிரே உட்கார ஆள் இருக்காது. அ என்ன செய்ய வேண்டும்?

1. மன்னிக்கக் கூடாது.
2. மன்னிக்கலாம், ஆ-வின் எண்ணம் நல்லது.
3. மன்னிக்கலாம், ஆ சின்னப் பெண்.
4. மன்னிக்க வேண்டாம், நாளைக்குப் பரீட்சைக்கு வந்தால் போதும்.'

துணிக் குவியலை நாற்காலியில் போட்டுவிட்டு அண்ணி நின்றபடியே படித்தாள். எதிரே உட்கார ஆள் இருக்காது என்ற வரியை மட்டும் இன்னொருமுறை படித்தாள். பழகிய கண்ணுக்கு விடை தெரிய ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. விடை ஒன்று. கோட்பாடு மூச்சுவிட இடம் வைக்காமல் எழுதியிருந்தது. இரண்டும் மூன்றும் ஏமாந்தவர்களைப் பிடிக்கப் போட்டவை, நாலு பேப்பரில் இல்லாத சங்கதி. மூன்று மாதத்துக்கு முன்னால் என்றால் யோசித்திருப்பாள். அண்ணி உட்கார்ந்தாள், பென்சிலை எடுத்தாள், இரண்டைச் சுற்றி வட்டம் போட்டாள்.

தாளை மடித்துத் தேர்வு அனுமதிச் சீட்டோடு கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். மறுநாள் காலை பாப்பா வெளியே வந்தபோது அண்ணி தலை வாரி, வாசலில் நின்றிருந்தாள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு, பாப்பா."

"பேப்பர் எழுதினீங்களா?"

"அப்புறம் திருத்திக்கலாம், வா."

தேர்வு அறையில் சட்டப் பகுதி வந்தது. அண்ணியின் காதுக்குள் நீதிபதி ஒருமுறை செருமினார். கொஞ்சம் இருங்கள் ஐயா என்று மனசுக்குள் சொல்லிவிட்டு, பேப்பரில் இருந்ததைப் பேப்பரில் இருந்தபடி எழுதிக்கொண்டே போனாள்.

மூன்று வாரம் கழித்துக் கல்லூரி அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். மாலை வகுப்பில் அண்ணியின் எண் இருந்தது, எழுபது மார்க். பகல் வகுப்புப் பட்டியலை அவள் விரலால் தொட்டுத் தொட்டு மூன்று தடவை படித்தாள். பாப்பாவின் எண் இல்லை. ஒரு மார்க்கில் போயிருந்தது. பாப்பா வீட்டுக்குத் திரும்பும் வரை ஓயாமல் பேசினாள், அடுத்த வருடம் ஊதித் தள்ளிவிடுவேன் என்றாள், பஸ்ஸில் பார்த்தவர்களை எல்லாம் கேலி செய்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றுபோனது. அண்ணன் வாங்கி வந்த இனிப்புப் பொட்டலத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அலமாரிக்கு மேலே வைத்துவிட்டு வெளியே போய்க் காரைத் துடைக்க ஆரம்பித்தார்.

அண்ணிக்குச் சந்தோஷப்படவே மனசு வரவில்லை. தனக்காகக் கணக்குப் பண்ணி மார்க் போட்ட நேரத்தில் இந்தப் பெண் இன்னும் ரெண்டு கணக்குப் போட்டிருந்தால் அந்த ஒரு மார்க் வந்திருக்குமே என்று நெஞ்சை அறுத்தது. அதைச் சொல்ல வாயெடுத்தபோது பாப்பா கையை நீட்டினாள்.

"பதிமூணாவது பேப்பரைக் குடுங்க. திருத்தணும்."

அண்ணி கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பாப்பா சிவப்பு பென்சிலோடு தன் பக்கத்தில் உட்கார்ந்தாள். தாளைப் பிரித்து வட்டத்தைப் பார்த்தாள். பிறகு பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டு, கீழே பூஜ்யம் என்று எழுதினாள்.

"விடை ஒண்ணு, அண்ணி. எண்ணத்தைக் கணக்குல எடுக்கக் கூடாதுன்னு கோட்பாட்டுல தெளிவா போட்டிருக்கேன். படிக்கலையா?"

"ரெண்டு தடவை படிச்சேன்."

"அப்புறம் ஏன் ரெண்டு போட்டீங்க?"

"அந்தக் கோட்பாடே தப்பு, பாப்பா."

பாப்பா பென்சிலைக் கீழே வைத்தாள். பட்டியல் பார்த்ததிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. அண்ணி மேஜையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், அவள் நாற்காலியிலேயே பாதி இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.